வெறுமையாக விட்ட வரி

மெல்பேர்னில் நாங்கள் குடியிருந்த முதல் வீடு, பலக்லாவா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு சிவப்புச் செங்கல் கட்டடத்தின் மேல்மாடி. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு குடித்தனங்கள். பின்முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறையும், காற்றடித்தால் தானாகச் சுற்றும் துணிக்கொடி ஒன்றும் இருந்தன. எழுபத்துமூன்றில் கணவருக்கு ரயில்வேயில் எஞ்சினியர் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்தத் தெருவில் சேலை உடுத்த ஒரே ஆள் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் சேலை காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பெண்மணி குப்பை வாளியோடு வெளியே வந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சேலையின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து உரசிப் பார்த்தார்.

"இது எத்தனை யார் நீளம்?"

"ஆறு."

"தையல் எங்கே?"

"தையல் இல்லை. அப்படியே சுற்றிக் கட்டுவோம்."

"அப்படியென்றால் உங்கள் நாட்டில் எனக்கு வேலை கிடைக்காது" என்றார். நகரத்தில் கோட் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது. குள்ளமான, நிமிர்ந்த உடம்பு. குப்பை கொட்ட வரும்போதுகூட உதட்டுச் சாயம் பூசியிருப்பார். போலந்தில் பிறந்த யூதர். கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் வேறு வேறு இடங்களில் உடைந்தவை. அதனால் ஒருவரை ஒருவர் திருத்தாமல் பேசிக்கொள்ள முடிந்தது.

அவரை எப்படி அழைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. 'மிஸிஸ்' போட்டுக் கூப்பிட்டால் வாடகை கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறது என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. "அன்ரி" என்று அழைத்துப் பார்த்தேன். "நான் யாருக்கும் அன்ரி இல்லை" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விபரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில் ஒருநாள் படியில் அவர் பையோடு தடுமாறி விழப் போனபோது, யோசிக்காமல், "அக்கா, பார்த்து" என்றேன்.

"அது என்ன சொல்?"

"மூத்த சகோதரியை அப்படிக் கூப்பிடுவோம்."

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரி. அப்படியே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது எனக்குத் தெரிய மேலும் பல மாதங்கள் ஆயின.

அதற்கு முன்னே ஒரு தவறு நடந்தது. அவரை ஒருநாள் தேநீருக்கு மேலே அழைத்தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால், என் மாமியார் மதுரைக்கு யாத்திரை போனபோது வாங்கி வந்து கல்யாணத்துக்குத் தந்த பித்தளைக் குங்குமத் தட்டு இருந்தது. அதன் நடுவில் ஸ்வஸ்திகா செதுக்கியிருந்தது. பால்காய்ச்சி முடித்துக் குசினியிலிருந்து வந்து பார்த்தால் அவர் கதிரையில் இல்லை. அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பவுடர் மட்டும் இருந்தது, அதற்குக் கீழே இரத்தம் இல்லை. கதவைத் திறந்து கீழே இறங்கிப் போனார்.

பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் ஹிட்லர் எனக்கு ஒரு மீசையாகவும் ஒரு பரீட்சைக் கேள்வியாகவும் மட்டுமே இருந்தவன். கணவர் வேலையால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"அவவின்ர கையில ஒரு நம்பர் பச்சை குத்தியிருக்கு. நீர் காணேல்லையோ?"

"கண்டனான். ஏதோ தொழிற்சாலை நம்பர் எண்டு நினைச்சன்."

"அது ஹிட்லரின்ர முகாமில குத்தினது" என்றார். யூதர்களைக் கொன்றவர்களின் கொடியிலும் இதே சின்னம்தான் இருந்தது என்று, தெரிந்த அளவுக்குச் சொன்னார். நான் தட்டை ஒரு பழைய தலையணை உறையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். சாமிக்குச் செய்யும் துரோகம் போலவும் இருந்தது, அப்படிச் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு வாரம் அவரைக் காணவில்லை. பிறகு நானே போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வசனத்தை அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும். உங்களிடம் அது ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் தலைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை." பிறகு, "வா, தேநீர் பாதியில் நிற்கிறது" என்றார்.

அதன் பிறகுதான் அவர் என்னைத் தன் ஊர்ச்சங்கத்துக்குக் கூட்டிப் போனார். அவர்களும் எங்களைப் போலத்தான். எந்த நாடு என்பதைவிட எந்த ஊர், எந்தத் தெரு என்பதுதான் முக்கியம். நெசவாலைகள் நிறைந்த அந்தப் போலந்து நகரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு சிறிய மண்டபத்தில் கூடுவார்கள். கண்ணாடிக் கோப்பையில் எலுமிச்சை மிதக்கும் தேநீர், உப்பில் ஊறிய மீன், பஞ்சு போன்ற கேக். ஆண்கள் சீட்டாடிக்கொண்டே சண்டை பிடிப்பார்கள். முதல் நாள் ஒரு வயதானவர் என் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நீ எந்தத் தெரு?" என்று கேட்டார். மேசையே சிரித்தது.

அங்கே அக்கா ஒரு காரியம் செய்வதைக் கவனித்தேன். புதிய முகம் யாராவது வந்தால், அது இஸ்ரேலிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த கிழவியாக இருந்தாலும் சரி, ரஷ்யாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய குடும்பமாக இருந்தாலும் சரி, அவர்களிடம் போய் அமர்வார். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவார். என்ன கேட்கிறீர்கள் என்று நான் விசாரித்தபோது, "என் தங்கையைப் பார்த்தீர்களா என்று" என்றார். "முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் தேநீர் குடிக்க முடியவில்லை."

எழுபத்தைந்தின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில், இலைகள் உதிரும் காலத்தில், கொல்லப்பட்டவர்களை நினைவுகூர நகரத்து யூதர்கள் எல்லோரும் ஒரு பெரிய மண்டபத்தில் கூடுவார்கள். பேச்செல்லாம் அவர்களுடைய யிட்டிஷ் மொழியில் நடக்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை என்று, அந்த ஆண்டு ஒருவராவது ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். அவரைக் கேட்டார்கள்.

"எனக்கு ஆங்கிலம் எழுத வராது. உனக்குத் தட்டச்சு தெரியும்" என்றார் என்னிடம். நான் நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தேன். வீட்டிலும் ஒரு பழைய இயந்திரம் இருந்தது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய குசினி மேசையில் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் இரண்டு ஞாயிறும் தங்கையின் தலைமயிர்தான். எவ்வளவு அடர்த்தி, பின்னிவிட எவ்வளவு நேரம், பின்னும்போது எப்படி அவள் கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பாள் என்பதெல்லாம். இது போதுமா, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இது எதற்கு என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு அவர் மேசையிலிருந்து எழுந்து, சன்னலைப் பார்த்தபடி நின்று சொன்னார்.

முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட இடத்தில் அவர்கள் இரண்டு வருடம் இருந்தார்கள். அவருக்குப் பத்தொன்பது வயது, இராணுவச் சீருடை தைக்கும் வேலை. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே பசியில் போய்விட்டார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒருநாள் கட்டளை வந்தது. தங்கைக்கு ஒன்பது. அவர் அவளுக்குத் தன் குதியுயர்ந்த சப்பாத்தைப் போட்டு, உள்ளே துணி அடைத்தார். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்தார். பின்னலை அவிழ்த்துப் பெரிய பெண் மாதிரிக் கொண்டை போட்டார். எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் தங்கையின் கொண்டையைத் தன் கைத்தடியால் தொட்டான். அது அவிழ்ந்து விழுந்தது. அவளை மற்றப் பக்கம் தள்ளினான்.

"கையை விட்டேன்" என்றார். "அவள் விடவில்லை. நான்தான் விட்டேன். விடும்போது ஒன்று சொன்னேன்."

நான் விசைகளில் விரல்களை வைத்தபடி காத்திருந்தேன்.

"இங்கே ஒரு வரி வெறுமையாக விடு."

இயந்திரத்தின் உருளையைத் திருப்பி ஒரு வரி விட்டேன். அவர் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினார்.

கடைசியில் பெயர்கள். அவருடைய குடும்பத்தில் இல்லாமல் போனவர்கள் இருபத்துமூன்று பேர். அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆகவே அவர் சொல்வதைக் காதில் வாங்கி முதலில் ஒரு கொப்பியில் தமிழில் எழுதினேன். பிறகு நான் வாசிக்க அவர் சரி பார்ப்பார். தமிழ் எழுத்துக்கு அந்த ஒலிகள் முழுதாகப் பிடிபடவில்லை. தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு சத்தத்துக்கு எங்களிடம் எழுத்தே இல்லை. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்து தங்கையின் பெயருக்கு வந்தேன். அது மெய்யெழுத்தில் முடிகிற பெயர். என் நாக்கு தானாகவே கடைசியில் ஒரு சிறிய உகரத்தைச் சேர்த்துக்கொண்டது.

அவர் சிரித்தார். பிறகு, "இன்னொரு முறை சொல்" என்றார். சொன்னேன். "இன்னொரு முறை." நாலைந்து தடவை சொல்ல வைத்தார். என் உச்சரிப்பைத் திருத்துகிறார் என்று நினைத்துச் சரியாகச் சொல்ல முயன்றேன். "திருத்தாதே" என்றார். "இவ்வளவு காலம் அந்தப் பெயரை நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம்."

இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவில்தான், ஒரு வேலைநாளில், என் அலுவலகத்துத் தேநீர் அறையில் ஒன்று நடந்தது. எங்கள் பிரிவு மேற்பார்வையாளர், தனக்குக் கார் விற்ற ஒருவனைப் பற்றிப் பேசும்போது, அவன் யூதன் மாதிரிப் பேரம் பேசினான் என்று சொல்லி, மூக்கைக் கையால் நீட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்த அறையில் பகிடி வழக்கமாக என்மேல்தான் விழும். என் சாப்பாட்டின் மணம், என் பெயரின் நீளம். அன்று அது வேறு ஒருவர் மேல் விழுந்த நிம்மதியில் சிரித்தேன். ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு என் வாயில் எப்படி இருந்தது என்று தெரிந்தது.

நினைவுகூரும் நாள் ஒரு ஞாயிறு பின்னேரம். அக்கா கறுப்பு உடுப்பில், தட்டச்சுத் தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். மண்டபத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. சுவரில் கறுப்பு வர்ணத்தில் அந்தச் சின்னம், ஆள் உயரத்துக்கு, சாய்வாக, வர்ணம் வழிய வழியப் பூசப்பட்டிருந்தது. பக்கத்தில் யூதர்களை வெளியே போகச் சொல்லும் இரண்டு வார்த்தைகள். என் பெட்டியின் அடியில் தலையணை உறைக்குள் இருந்த அதே சின்னம்தான். ஆனால் அன்றுதான் அதை அவர்களுடைய கண்ணால் பார்த்தேன். என் கால்களும் நின்றுவிட்டன.

இரண்டு பேர் வாளியும் தேய்க்கும் தும்பும் கொண்டு வந்திருந்தார்கள். பொலிஸ் வந்து பார்க்கும்வரை தொடக் கூடாது என்று ஒருவர், பிள்ளைகள் பார்க்குமுன் அழிக்க வேண்டும் என்று இன்னொருவர். கூட்டத்தை வேறொரு நாளுக்கு மாற்றினால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. அக்கா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் உள்ளே போகிறேன்" என்றார். பிள்ளைகளைப் பற்றி, "பார்க்கட்டும். எதற்காக வந்திருக்கிறோம் என்று விளங்கும்" என்றார். அவர் படியேறவும் மற்றவர்களும் ஏறினார்கள்.

உள்ளே, கொல்லப்பட்ட அறுபது இலட்சம் பேருக்காக ஆறு மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள். சிறுவர்கள் பாடினார்கள். அக்காவின் முறை வந்தபோது மேடையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் தட்டிய ஆங்கிலத்தை, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிப் பிள்ளை போல வாசித்தார். தலைமயிரைப் பற்றிய பகுதியில் மண்டபம் அசையாமல் இருந்தது. அதை வெட்டிவிடச் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். முற்றம், சப்பாத்து, கொண்டை எல்லாம் வந்தன. வெறுமையான வரி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளைப் பார்க்காமல், யிட்டிஷில், ஒரு சிறிய வசனம் சொன்னார். ஆறேழு சொற்கள் இருக்கலாம்.

மண்டபத்தில் எழுந்த ஒலியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுகை என்று சொல்ல முடியாது. பலபேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது போல இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை என்பதைக் கண்டு, "அவர் என்ன சொன்னார் என்று சொல்லட்டுமா?" என்று காதுக்குள் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். எனக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவரே சொல்வார் என்று நினைத்தேன்.

அக்கா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு இருபத்துமூன்று பெயர்களையும் வாசித்து முடித்தார்.

வெளியே வந்தபோது சுவர் பாதி தேய்க்கப்பட்டிருந்தது. நடந்தே வீட்டுக்குப் போவோம் என்றார். கார்லைல் தெரு வழியாக வந்தோம். என்னால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. தேநீர் அறையில் நான் சிரித்ததைச் சொன்னேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அந்த ஆள் நாளைக்கும் வேலைக்கு வருவானா?"

"வருவார்."

"நீ?"

"நானும்தான்."

"அப்படியென்றால் இன்னும் முடியவில்லை" என்றார்.

அந்தச் சந்தர்ப்பம் வர மூன்று நாட்கள் ஆயின. புதன்கிழமை மேற்பார்வையாளர் மறுபடி அதே மாதிரி ஒன்றைச் சொன்னார். என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என் அக்கா ஒரு யூதப் பெண். என் முன்னால் இனி அப்படிப் பேசாதீர்கள்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, உனக்கு எப்படி யூத அக்கா என்று கேட்டார். ஒருவர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் அவர் என்னிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசவில்லை. அந்தப் பேச்சு நின்றதா, நான் இல்லாதபோது மட்டும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "சொல்லிவிட்டேன்" என்றேன். "நல்லது. சாப்பிட்டாயா?" என்றார்.

எழுபத்தேழு ஆவணியில் இலங்கையில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. என் தம்பி கொழும்பில் இருந்தான். மூன்று நாட்கள் தொலைபேசி கிடைக்கவில்லை. அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு மேலே வந்து என்னோடு இருந்தார். எல்லாம் சரியாகும் என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு உரித்தார், வானொலியைக் கூட்டினார், குறைத்தார். தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்து கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்தான் என்று தந்தி வந்தபோது, அதை என் கையிலிருந்து வாங்கி, தனக்குத் தெரியாத அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

எழுபத்தெட்டில் கணவருக்குச் சிட்னியில் வேலை மாறியது. வென்ட்வேர்த்வில்லில் வீடு பார்த்தோம். புறப்படும் நாள் அக்கா நிலையத்துக்கு வரவில்லை. "நான் ரயில் மேடையில் நிற்பதில்லை" என்றார். அவரை முகாமுக்குக் கொண்டுபோனது ரயில்தான். வாசலில் நின்று, என் சேலைத் தலைப்பை முதல் நாள் போலவே இரண்டு விரலுக்கு இடையில் பிடித்துப் பார்த்தார்.

"போட்டு வாறன், அக்கா" என்றேன். எங்கள் மொழியில் போகிறேன் என்று சொல்ல மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

"வா" என்றார்.

நான் திரும்பிப் போகவில்லை. புது ஊர், புது வேலை, பிறகு வயிற்றில் பிள்ளை. கடிதங்கள் எழுதினோம். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது என்பதால் யாரோ எழுதித் தந்த கடிதங்கள் வந்தன. அவற்றில் அவருடைய குரல் இல்லை. அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஊர்ச்சங்கத்துக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அவர் தூக்கத்திலேயே போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். அவர்கள் வழக்கப்படி அடுத்த நாளே அடக்கம் செய்துவிடுவார்கள். குசினியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்ன அந்த வசனம் என்ன என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் கேட்டார்கள். இன்றுவரை கேட்கவில்லை. அவர் சொல்லியிருந்தால் எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. அதை யாராலும் தர முடியாது.

அந்த வசந்தத்தில் ஒருநாள் சிட்னி நகரத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஒரு மூதாட்டி சாரதியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஆங்கிலம். சொற்கள் அதே இடங்களில் உடைந்தன. என் பஸ் அது இல்லை. ஆனாலும் ஏறினேன். அவருக்கு அடுத்த வரிசையில் நின்றுகொண்டு அவர் மறுபடி பேசுவாரா என்று பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன்னை எனக்குத் தெரியுமா?"

"இல்லை" என்றேன்.

அவர் பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை மடியில் எடுத்து வைத்தார். உட்கார்ந்தேன். கடற்கரையோரப் பொண்டாய் வரைக்கும் போனோம். வழியில் காலநிலை பற்றியும் பஸ் தாமதத்தைப் பற்றியும் அவர் நிறையப் பேசினார். பொண்டாயில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.